எந்தக் கெம்பே கவுடா? - பெங்களூரிலிருந்து நாட்குறிப்பு

வெள்ளி

மெஜஸ்டிக்கில் இறங்கிவிட்டால் அப்புறம் கெம்பே கவுடாவிடமிருந்து தப்பிக்க முடியாது. பஸ் நிலையம் கெம்பே கவுடா, மெட்ரோ நிலையம் நாடப்பிரபு கெம்பே கவுடா, வெளியே வந்தால் கெம்பே கவுடா சாலை, விமானத்தில் வந்திருந்தாலும் 2013-லிருந்து அதுவும் கெம்பே கவுடா. ஊரை உண்டாக்கியவர் பெயரை இத்தனை இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்களே, அவர் கையால் செய்ததில் என்னதான் மிச்சம் இருக்கிறது, போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பி வந்திருக்கிறேன். மைத்துனன் ஹலசூரில் குடியிருக்கிறான், அதனால் தங்குவதற்கும் கவலையில்லை, ஸ்கூட்டருக்கும் கவலையில்லை.

ஆளைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கெம்பே கவுடா ராஜா இல்லை. விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்ட யலஹங்கா நாட்டுப் பிரபு, நம் பக்கம் பாளையக்காரர் என்போமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. 1513-லிருந்து 1569 வரை அதிகாரத்தில் இருந்தார். 1537-இல் யலஹங்காவுக்குத் தெற்கே ஒரு மண் கோட்டை போட்டு, உள்ளே பேட்டைகளை அமைத்தார், அதுதான் பெங்களூர். அப்போது விஜயநகரத்தில் அச்சுத தேவராயர். அவர் இந்த முயற்சியில் மகிழ்ந்து ஹலசூர், பேகூர், வர்த்தூர், ஜிகனி, கெங்கேரி என்று 30,000 வராகன் வருமானம் வரக்கூடிய ஊர்களைக் கொடுத்தார் என்கிறார்கள். இன்றைக்கு அந்த ஊர்களில் மூன்று படுக்கையறை வீடு என்ன விலை என்று மைத்துனனிடம் கேட்டேன், அவன் பேச்சை மாற்றிவிட்டான்.

ஊர்ப் பெயர் மட்டும் அவர் வைத்தது இல்லை. பேகூர் கோயிலில் இருக்கும் ஒரு வீரக்கல், கி.பி. 890-ஐ ஒட்டியது, அதிலேயே பெங்களூர்ப் போர் என்று வருகிறது. ஆக அவருக்கு 600 வருஷத்துக்கு மேல் முந்திய பெயர்.

சரி, மெஜஸ்டிக். இந்த பஸ் நிலையம் நிற்பதே தர்மாம்புதி ஏரியின் படுகையில்தான். கெம்பே கவுடா காலத்தில் பேட்டைக்குத் தண்ணீர் கொடுத்த ஏரி. இருபதாம் நூற்றாண்டில் வற்றி, மைதானமாகி, பொருட்காட்சியும் கூட்டமும் நடந்து, கடைசியில் பஸ் நிலையமாகிவிட்டது. இதை நான் விளக்கமாகச் சொல்லிக்கொண்டு வந்தால், பக்கத்தில் நடந்த மைத்துனன், "தெரியும் மாமா, மழை பெஞ்சா அது மறுபடியும் ஏரிதான்" என்றான். 

இதுமட்டுமில்லை. கண்டீரவா விளையாட்டரங்கம் இருப்பது சம்பங்கி ஏரி. கே.ஆர். மார்க்கெட் இருப்பது சித்திகட்டே என்ற குளம். இவற்றில் எல்லாமே அவர் வெட்டியது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆறே இல்லாத ஒரு மேட்டில் ஊர் வைக்கத் துணிந்த மனிதருக்கு ஏரிதான் முதல் வேலையாக இருந்திருக்கும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் ஒரு முகட்டின் மீது உட்கார்ந்திருக்கிற ஊர் இது. மேற்கே விழும் மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகும், கிழக்கே விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணைக்குப் போய் ஒசூர் பக்கம் இறங்கும். கெலவரப்பள்ளி அணையில் அடிக்கடி நுரை மலை மாதிரி பொங்குகிறதே, அது இந்தக் கிழக்குச் சரிவின் கழிவுதான். தண்ணீரைப் பிடித்து வைக்கத் தெரியாவிட்டால் இங்கே ஊரே கிடையாது. இப்போது ஊர் குடிப்பது சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருந்து பம்ப் வைத்து மேலே ஏற்றும் காவிரித் தண்ணீர்.

மெஜஸ்டிக்கிலிருந்து சிக்கபேட்டைக்கு நடந்தே போனோம். இங்கேதான் எனக்கு முதல் தடவையாக 'அட' என்று தோன்றியது. கதை இப்படி: நல்ல நாள் பார்த்து, தொட்டபேட்டையும் சிக்கபேட்டையும் சந்திக்கிற இடத்தில் நான்கு ஏர்களில் வெள்ளை எருதுகளைப் பூட்டி, நான்கு திசையிலும் விரட்டினார்கள், அவை உழுத கோடுகள் தெருக்களாயின, நின்ற இடங்கள் கோட்டை வாசல்களாயின. ஹலசூர் வாசல், யலஹங்கா வாசல், ஆனேக்கல் வாசல், சொண்டேகொப்பா வாசல். எருது விஷயம் உண்மையோ பொய்யோ, அந்தக் குறுக்குத் தெரு அப்படியே இருக்கிறது. தொட்டபேட்டைக்கு இன்றைய பெயர் அவென்யூ ரோடு. அந்த முனையில் ஒரு பக்கம் பழைய புத்தகக் கடை, ஒரு பக்கம் பட்டுப் புடவைக் கடை, நடுவில் தலையில் துணி மூட்டையோடு ஓர் ஆள் "தாரி பிடி, தாரி பிடி" (வழிவிடுங்கள்) என்று கத்திக்கொண்டு ஓடுகிறார், எதிரே கைவண்டியில் இரும்புக் குழாய், அதை ஒட்டி ஒரு ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, மடியில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு. ஐந்து நிமிஷம் அசையாமல் நிற்க முயன்றேன், முடியவில்லை, கூட்டமே நம்மை எடுத்துப்போய்ப் பத்தடி தள்ளி வைத்துவிடுகிறது.

பேட்டைகளின் பெயர்களைப் பாருங்கள்: அக்கிபேட்டை அரிசிக்கு, ராகிபேட்டை கேழ்வரகுக்கு, தரகுபேட்டை தானிய மண்டிக்கு, அரளேபேட்டை பருத்திக்கு, பளேபேட்டை வளையலுக்கு, உப்பாரபேட்டை உப்புக்கு, கும்பாரபேட்டை குயவர்களுக்கு, காணிகரபேட்டை செக்கு ஆட்டுகிறவர்களுக்கு, நகர்த்தபேட்டை வியாபாரிகளுக்கு. எல்லாப் பேட்டையும் ஒரே நாளில் வந்ததில்லை, பின்னால் வந்தவர்கள் சேர்த்ததும் உண்டு. ஆனால் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித் தெரு, எல்லாத் தெருவும் சந்தைக்கு, சந்தை கோட்டை வாசலுக்கு என்ற ஏற்பாடு பெரியவருடையது. கோட்டை கட்டிக்கொண்டு உள்ளே பதுங்கிய சிற்றரசர்கள் நிறையப் பேர். இவர் கட்டியது அடிப்படையில் ஒரு சந்தை, அதற்குச் சுற்றுச்சுவராகத்தான் கோட்டை. பொருள் இப்போது மாறிவிட்டது, பளேபேட்டையில் வீணையும் மிருதங்கமும் விற்கிறார்கள், கும்பாரபேட்டை பக்கம் கம்ப்யூட்டர் உதிரிபாகமும் வயரும், ஆனால் ஒரு தெருவுக்கு ஒரு சரக்கு என்ற வழக்கம் மாறவே இல்லை.

திகளரபேட்டையில் தர்மராயசாமி கோயிலையும் பார்த்தோம், சித்திரைப் பௌர்ணமிக்குக் கரகம் கிளம்பும் கோயில். திகளர்கள் தமிழோடு வேர் உள்ள, தலைமுறை தலைமுறையாகத் தோட்ட வேலை செய்த சமூகம். திரௌபதிதான் இங்கே தெய்வம் என்றால் நம்ம வட மாவட்டத்துக்காரர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. கரகம் ராத்திரி முழுக்கப் பேட்டைகளைச் சுற்றி, தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய்விட்டுத்தான் திரும்பும்.

கே.ஆர். மார்க்கெட் பக்கம் இருக்கிற கல் கோட்டையைக் காட்டி, "இது கெம்பே கவுடா கோட்டை" என்று ஓர் ஆட்டோக்காரர் அடித்துச் சொன்னார். அது ஹைதர் அலி 1761-இல் கல்லால் கட்டியது. 1791 மார்ச் 21 அன்று ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் படை உடைத்து உள்ளே வந்த இடத்தில் ஒரு பலகைகூடப் பதித்து வைத்திருக்கிறார்கள். கெம்பே கவுடாவுடையது மண், மண்ணுக்கு மண்ணாகப் போய்விட்டது.

இந்த ஆட்டோக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கெம்பே கவுடா என்பது ஒருத்தர் பெயர் இல்லை, வீட்டுப் பெயர் மாதிரி ஓடியிருக்கிறது. முதலாமவர் ஹிரிய, அதாவது மூத்த, கெம்பே கவுடா, அடுத்தவர் இம்மடி, அதற்கடுத்தவர் மும்மடி. யார் எதைக் கட்டியிருந்தாலும் பலகையில் ஒரே பெயர். இனி எங்கே போனாலும் 'எந்தக் கெம்பே கவுடா?' என்று கேட்டுவிட்டுத்தான் மேலே என்று முடிவெடுத்திருக்கிறேன். மைத்துனன் இப்போதே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

சனி

காலையில் காராபாத்தும் கேசரிபாத்தும், பிறகு பசவனகுடி. பெரிய நந்தி, ஒரே கல், சுமார் நாலரை மீட்டர் உயரம். 1537 என்கிறார்கள், முதலாமவர். கடலைக்காட்டை மேய வந்த காளையை ஒரு விவசாயி தடியால் அடித்தார், அது கல்லாகிவிட்டது, அதற்குத்தான் கோயில், அதனால்தான் கார்த்திகை மாதக் கடைசித் திங்கள்கிழமை இங்கே கடலைக்காய் பரிஷெ என்று திருவிழா. எனக்கு ஒரு சின்ன முணுமுணுப்பு உண்டு. நிலக்கடலை தென் அமெரிக்கச் செடி, போர்த்துகீசியர் வழியாக நம் பக்கம் வந்தது. 1537-இல் பசவனகுடியில் காளை மேய்கிற அளவு கடலைக்காடு இருந்திருக்குமா? கதை பின்னால் விளைந்தது என்றுதான் நினைக்கிறேன். பரிஷெ சமயத்தில் அவித்த கடலையை ஒரு படி வாங்கிக்கொண்டு நடக்கும்போது யாரும் இதையெல்லாம் கேட்கப்போவதில்லை, அதுவும் தெரியும்.

நந்தியின் காலடியிலிருந்துதான் விருஷபாவதி பிறக்கிறது என்பது நம்பிக்கை. அந்த ஆற்றை இன்றைக்கு மைசூர் சாலை ஓரம் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கலாம், எனவே மேலே எழுதவில்லை.

அங்கிருந்து கவிபுரம், கவி கங்காதரேஸ்வரர். குகைக் கோயில். மகர சங்கராந்தி அன்று சாயங்காலம் வெளியே இருக்கும் நந்தியின் கொம்புகளுக்கு நடுவே வெயில் புகுந்து உள்ளே லிங்கத்தைத் தொடும், அந்தக் கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இன்று கூட்டம் இல்லை. முற்றத்தில் நான்கு ஒற்றைக்கல் தூண்கள், இரண்டில் திரிசூலமும் உடுக்கையும், மற்ற இரண்டின் தலையில் பெரிய கல் வட்டுகள், ஒன்று சூரியன், ஒன்று சந்திரன். உள்ளே கருவறையைச் சுற்றி வரும் வழியில் என் உயரத்துக்கு முதுகை மடக்கித்தான் போக வேண்டியிருந்தது, தலைக்கு மேல் கல், அதில் கைபட்டுக் கைபட்டு எண்ணெய்ப் பளபளப்பு. ஓர் ஓரத்தில் அக்னி சிலை: இரண்டு தலை, மூன்று கால், ஏழு கை. இப்படி ஒரு அக்னியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கைகளை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அர்ச்சகர் சிரித்துவிட்டு, எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள் என்றார்.

இந்தக் கோயிலுக்கும் கெம்பே கவுடாவுக்கும் உள்ள தொடர்பு சிறையிலிருந்து தொடங்குகிறது. பிரபுதானே, ராஜா இல்லையே, ஆனால் குலதெய்வம் பைரவர் பெயரில் சொந்தமாகக் காசு அடித்துவிட்டார். காசு அடிக்கும் உரிமை பேரரசருக்கு உரியது. பக்கத்துச் சிற்றரசர்கள் போட்டுக்கொடுக்க, விஜயநகரத்தில் பிடித்து ஆனேகொந்தியில் ஐந்து வருஷம் அடைத்துவைத்தார்கள், நாட்டையும் பறித்தார்கள். அபராதம் கட்டி வெளியே வந்தபின் நன்றிக்காக இந்தக் குகைக் கோயிலை விரிவாக்கினார் என்பது மரபு. எனக்கு இந்தக் காசு விஷயம் சுவாரசியமாக இருக்கிறது. ஒரு சந்தை நகரம் கட்டியவனுக்கு அடுத்ததாகத் தேவைப்படுவது காசுதான், அவர் அதிகப்பிரசங்கித்தனம் செய்தார் என்பதைவிட அவருடைய வியாபாரம் பேரரசின் காசுக்குக் காத்திருக்கிற நிலையைத் தாண்டிவிட்டது என்று படிக்கத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான், சண்டைக்கு வராதீர்கள்.

கோயிலுக்குப் பின்பக்கம் கெம்பாம்புதி ஏரி. பெயரிலேயே அவர். குலதெய்வம் கெம்பம்மா பெயர் என்றும் சொல்வார்கள். ஏரி இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது, கரையில் நடைபாதையும் போட்டிருக்கிறார்கள், ஆனால் காற்று நம் பக்கம் திரும்பியதும் நடையைத் துரிதப்படுத்திவிட்டோம். இதன் கரையில் நான்கு எல்லைக் கோபுரங்களில் ஒன்று.

அந்த நான்கு கோபுரங்கள்: மேற்கே இது, தெற்கே லால்பாக் பாறை, கிழக்கே ஹலசூர் ஏரிப் பக்கம், வடக்கே மேக்ரி சர்க்கிள் அருகே. ஊர் இந்த எல்லை வரை வளரும் என்று கெம்பே கவுடா தீர்க்கதரிசனம் சொல்லிக் கட்டினார் என்பது ஊர் அறிந்த கதை. எந்தக் கெம்பே கவுடா? முதலாமவர் என்பார்கள், இம்மடிதான் என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. ஊரைக் கட்டியவர் ஊர் நிற்குமா என்ற கவலையில் இருந்திருப்பார், எல்லைக் கோபுரம் வைக்கிற நிதானம் வாரிசுக்குத்தான் வரும்.

லால்பாக் ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய தோட்டம், ஆனால் நடுவில் இருக்கும் பாறை 300 கோடி வருஷத்துப் பழசு, தேசியப் புவியியல் சின்னம் என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பலகை வைத்திருக்கிறது. அதன் உச்சியில் கோபுரம். கோபுரம் என்றதும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், தூண் வைத்த ஒரு சின்ன மண்டபமும் மேலே சுதை வேலையும், அவ்வளவே. மேலேறி நின்று நாலா பக்கமும் பார்த்தால் எல்லாத் திசையிலும் அடுக்குமாடி. வெயில் பாறையைச் சுட்டதில் செருப்பைக் கழற்ற முடியவில்லை.

சாயங்காலம் ஹலசூர். மைத்துனன் வீட்டுப் பக்கம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சோமேஸ்வரர் கோயில் அருமை, நிதானமாகத் தூண்களைப் பாருங்கள், கெம்பே கவுடா வம்சத்தார் விரிவுபடுத்தியது. தெருவில் பாதிப் பேர் தமிழ். ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை, 1991-லிருந்து துணி போட்டு மூடியே கிடந்து 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதிதான் திறந்தார்கள், பதிலுக்கு அதே வாரத்தில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை. பக்கத்துக் கடையில் கன்னடத்தில் டீ கேட்டேன், தமிழில் சில்லறை கேட்டார்.

ஞாயிறு

மாகடி. அதிகாலையிலேயே கிளம்பி, வழியில் தட்டே இட்லி, ஒன்று சாப்பிட்டாலே போதும், நான் இரண்டு சாப்பிட்டேன், அதற்கு மலையில் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பெங்களூரைக் கட்டியவர்களுக்குப் பெங்களூர் ஒரு நூறு வருஷம்தான் கையில் இருந்தது. 1638-இல் பிஜப்பூர் படை, ரணதுல்லா கான் தலைமையில், கூடவே சிவாஜியின் அப்பா ஷாஹாஜி. அப்போது இருந்த கெம்பே கவுடா இரண்டாமவரா மூன்றாமவரா என்பதில் புத்தகத்துக்குப் புத்தகம் வித்தியாசம். யாராயிருந்தாலும் பெங்களூரை விட்டுவிட்டு மாகடிக்கு வந்துவிட்டார். அதனால்தான் மாகடிக்காரர்கள் இன்றும் 'மாகடி கெம்பே கவுடா' என்பார்கள். பெங்களூர் ஷாஹாஜிக்கு ஜாகீராகப் போய், அவர் மகன் ஏகோஜியிடம் வந்தது. ஆம், அதே ஏகோஜி, தஞ்சாவூரில் மராட்டிய ஆட்சியைத் தொடங்கியவர். தஞ்சாவூர் கிடைத்தபின் தூரத்தில் இருந்த பெங்களூர் அவருக்குச் சுமையாகிவிட்டது, மூன்று லட்சத்துக்கு மைசூர் சிக்கதேவராஜரிடம் விலை பேசினார். பேச்சு முடிவதற்குள் 1687-இல் மொகலாயத் தளபதி காசிம் கான் வந்து பிடித்துக்கொண்டு, அவரே அதே மூன்று லட்சத்துக்கு மைசூருக்கு விற்றுவிட்டார். பெங்களூரில் நிலத் தரகு என்ன நேற்று தொடங்கியதா?

மாகடியில் கோட்டை மதில் இருக்கிறது, பிற்காலத்தவர் கட்டிய சோமேஸ்வரர் கோயிலும் இருக்கிறது, அமைதியான, நல்ல கோயில். அங்கிருந்து சாவனதுர்கா. 1,226 மீட்டர், ஒரே பாறையாகப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது. கரிகுட்டம், பிளிகுட்டம் என்று கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு குன்று. அடிவாரத்தில் வீரபத்திரர், நரசிம்மர் கோயில்கள். படிக்கட்டு கிடையாது, பாறையில் பெயின்டில் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டே ஏற வேண்டியதுதான், சில இடங்களில் கையையும் ஊன்றித்தான் ஏற முடியும். நடுவழியில் கோட்டைச் சுவர்கள் வருகின்றன, இவ்வளவு சரிவில் இந்தக் கல்லை எப்படி அடுக்கினார்கள் என்று மூச்சு வாங்குகிற சாக்கில் நின்று நின்று பார்த்தேன். உச்சியில் நந்தி மண்டபம், கீழே அர்க்காவதியின் மஞ்சனபெலே நீர்த்தேக்கம் பச்சையாகத் தெரிகிறது. பெங்களூரிலிருந்து துரத்தப்பட்டவர்கள் இங்கே வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் கேட்க வேண்டியதே இல்லை. இதையும் 1728-இல் மைசூர் படை பிடித்தது, கடைசிக் கெம்பே கவுடா ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கைதியாகப் போய் அங்கேயே இறந்தார். 1791 டிசம்பர் 21 அன்று கார்ன்வாலிஸ் படை திப்புவிடமிருந்து இதே மலையைப் பிடித்தது.

இறங்குவதுதான் ஏறுவதைவிடக் கொடுமை. உட்கார்ந்து உட்கார்ந்து வந்தேன். மைத்துனன் செல்போனில் படமெடுத்திருக்கிறான், எங்கேயும் போடமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

மத்தியானம் ராகி முத்தே, கீரைச் சாறு, பிறகு கெம்பாபுரம். மாகடி தாலுக்காவில் ஒரு கிராமம். 2015 வரை பெரிதாக யாருக்கும் தெரியாது. கல்லால் ஆன சின்ன கோபுரம் மாதிரி ஒன்று, அதில் கன்னடக் கல்வெட்டு, மூத்த கெம்பய்ய கவுடர் உயிர் நீத்த இடம் இது என்கிறது. இந்தப் பயணத்தில் 'எந்தக் கெம்பே கவுடா?' என்ற கேள்விக்குக் கல்லே பதில் சொன்ன இடம் இதுதான். அருகில் நின்று எழுத்துகளை விரலால் தொடாமல் காற்றில் தடவிப் பார்த்தேன், என் கன்னட வாசிப்பு பஸ் பலகை அளவுதான், இரண்டு சொல் பிடிபட்டது. மைத்துனன் மீதியைப் படித்துச் சொன்னான். 1569-இல் இறந்தவருடைய இடம் 2015-இல் கவனத்துக்கு வருகிறது, இடையில் உள்ளூர்க்காரர்கள் அதைச் சுற்றி ஆடு மேய்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

திங்கள்

முழங்கால் பேசுகிறது. இன்று வண்டியிலேயே.

யலஹங்கா அவருடைய பூர்வீகம். பழைய ஊர்ச் சந்துகளில் சுற்றினால் கோயில் உண்டு, ஏரி உண்டு, கோட்டை என்று காட்ட ஒன்றும் இல்லை. ஆனால் நம்மாட்களுக்கு ஒரு செய்தி: டொம்ளூர் சொக்கநாதசாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன, அவற்றில் யலஹங்கா நாடு இலைப்பாக்க நாடு என்று வருகிறது. கெம்பே கவுடாவுக்குச் சுமார் 300 வருஷம் முன்பு.

இன்னும் வடக்கே தேவனஹள்ளி தாண்டி ஆவதி. குன்றின் மேல் திம்மராயசாமி கோயில். கெம்பே கவுடாவின் முன்னோர்கள் வந்திறங்கிய ஊர் என்கிறார்கள். எங்கிருந்து? காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து. ரண பைரே கவுடா என்பவரும் சகோதரர்களும், வீட்டுப் பெண்ணை ஒரு தலைவன் கேட்டுத் தொந்தரவு செய்ததால் இரவோடு இரவாகக் கிளம்பினார்கள், குறுக்கே வெள்ளம், பெண் வேண்டிக்கொள்ள ஆறு வழிவிட்டது. கெம்பே கவுடாவின் சமூகமான மொரசு ஒக்கலிகர்களின் வம்சக் கதை இது. பெண் கேட்டதால் ஊரைவிட்டு ஓடிய கதை நம் ஊரிலும் எத்தனையோ குலங்களுக்கு இருக்கிறது, அதனால் வரலாறு என்று எழுத மாட்டேன். ஆனால் தேவனஹள்ளி, சிக்கபள்ளாப்பூர், தொட்டபள்ளாப்பூர் என்று சுற்றுவட்டாரக் கோட்டைகளையெல்லாம் இந்த ஒரு குடும்பத்தின் கிளைகளோடுதான் சேர்த்துச் சொல்கிறார்கள். யலஹங்கா அதில் ஒரு கிளை.

திரும்பும் வழியில் விமான நிலையத்துச் சிலை. 108 அடி, வெண்கலம், ராம் சுதார் வடித்தது, 2022 நவம்பர் 11 அன்று திறந்தார்கள். கையில் இருக்கும் வாளே 4 டன். பிரம்மாண்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை, வெயிலில் மீசை மின்னுகிறது. ஆனால் வாளோடு நிற்பவராக அவரை எனக்கு நினைக்க வரவில்லை, நான் கேள்விப்பட்டதெல்லாம் ஏர், ஏரி, தெரு, காசு. சிவகங்கை மலைக் கோயிலில் 1609-இல் வைத்த உலோகச் சிலை ஒன்று உண்டு, அவரை அறிந்தவர்களின் பிள்ளைகள் உயிரோடு இருந்த காலம் அது. அடுத்த தடவை அதைப் பார்க்க வேண்டும்.

கடைசியாகக் கோரமங்களா, எப்படியும் பஸ் ஏற அந்தப் பக்கம்தான் வர வேண்டும். கோட்டையின் தெற்கு வாசல் கட்டக் கட்ட இடிந்துகொண்டே இருந்ததாம், கர்ப்பிணி ஒருத்தியைப் பலி கொடுத்தால்தான் நிற்கும் என்றார்களாம், கெம்பே கவுடா மறுத்துவிட்டார், மருமகள் லட்சுமிதேவி ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் போய்த் தன்னையே கொடுத்துவிட்டாள். அவளுக்குக் கோரமங்களாவில் நினைவிடம், மாநகராட்சி அலுவலகத்தில் சிலை. நம் ஊர் ஏரி மதகுகளுக்கும் இதே கதைகள் உண்டு, நடந்ததா இல்லையா என்பதற்குள் போக விருப்பமில்லை. எனக்கு எரிச்சல் வேறு: எந்த வழிகாட்டியைக் கேட்டாலும் இந்தக் கதை தெரிகிறது. ஆனால் மொரசு ஒக்கலிகப் பெண்கள் பண்டி தேவரு சடங்கில் இடது கையின் கடைசி இரண்டு விரல்களை வெட்டிக்கொடுக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது, தன் சொந்தச் சமூகத்தின் அந்த வழக்கத்தைக் கெம்பே கவுடா தடை செய்தார் என்று சொல்கிறார்களே, அது யாருக்கும் தெரியவில்லை. பத்து வருஷமாக இங்கே இருக்கும் மைத்துனன் இன்றுதான் கேள்விப்படுகிறான். "நிஜமாவா மாமா? ரெண்டு விரலா?" என்று கையை மடக்கிப் பார்த்துக்கொண்டான்.

மடிவாளாவில் சேலம் பஸ்ஸுக்கு நிற்கிறேன், நெரிசலைப் பார்த்தால் எலக்ட்ரானிக் சிட்டி தாண்டவே ராத்திரி ஆகிவிடும் போலிருக்கிறது. படங்களை நாளைக்கு ஏற்றுகிறேன். மாகடி போகிறவர்கள் குணிகல் பக்கம் ஹுத்ரிதுர்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் இவர்கள் கோட்டைதான், தட்டே இட்லியை மட்டும் இறங்கி வந்தபிறகு சாப்பிடுங்கள்.